வீட்டுக்கு ஒரு வார்த்தை

அந்தப் புத்தகத்தை ஆடுகிற மேஜையின் ஒரு காலுக்கு அண்டை கொடுத்திருந்தார்கள். சீமைக்குத் திரும்பிப் போகிற ஒரு இன்ஜினியர் துரையின் பங்களாவில் சாமான்களை ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள். என் அக்காவின் வீட்டுக்காரர் ஒரு நல்ல கெட்டில் கிடைக்குமா என்று பார்க்க வந்திருந்தார். அவரை மாமா என்று கூப்பிடுவேன். நான் சும்மா வேடிக்கைக்கு வந்தவன். மேஜை ஏலத்தில் போய், வாங்கியவர்கள் அதைத் தூக்கியபோது புத்தகம் மட்டும் தரையில் தங்கிவிட்டது. யாரும் அதைக் கேட்கவில்லை. எடுத்துத் தூசி தட்டினேன்.

இங்கிலீஷ் அகராதி. முன்அட்டை இல்லை, முன்பாதியும் இல்லை. சமையல்காரர் அடுப்புப் பற்றவைக்க நாளுக்குக் கொஞ்சமாகக் கிழித்துக்கொண்டே வந்திருக்கிறார். 'ஓ' என்ற எழுத்து தீர்ந்த இடத்தில் துரைக்குக் கப்பல் வந்துவிட்டது. அதற்கு அடுத்த எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை எனக்கு மிச்சம்.

நின்றபடியே முதல் பக்கத்தைப் பார்த்தேன். 'பாக்கிடெர்ம்' என்று ஒரு வார்த்தை. தோல் தடித்த விலங்கு, உதாரணம் யானை, காண்டாமிருகம். உடனே எனக்கு எங்கள் ஸ்டோர் கீப்பரின் முகம் வந்து நின்றது. சுரங்க வேலையை மேற்பார்க்கிற கேப்டன் துரை எத்தனை சத்தம் போட்டாலும் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு நிற்பவர் அவர். இத்தனை நாள் அவரோடு வேலை செய்தும் அவரை என்னவென்று சொல்வது என்று எனக்குத் தெரியாமல் இருந்தது. இங்கே அச்சடித்து வைத்திருந்தார்கள். மைசூர் மைன்ஸ் என்ற எங்கள் தங்கச் சுரங்கத்தில் இருக்கும் ஒவ்வொரு ஆளுக்கும், ஒவ்வொரு சத்தத்துக்கும், ஒவ்வொரு நாற்றத்துக்கும் இந்தப் புத்தகத்தில் ஒரு வார்த்தை காத்திருக்கிறது. எல்லாவற்றையும் கற்றுவிட வேண்டும் என்று அந்த நிமிஷம் தோன்றியது. மாமாவுக்குக் கெட்டில் கிடைக்கவில்லை. நான்தான் வாயெல்லாம் பல்லாக வீடு திரும்பினேன்.

வேலூர் மிஷன் பள்ளிக்கூடத்தில் மெட்ரிகுலேஷன் வரை படித்தவன் நான். படித்ததற்கு மைன்ஸில் எனக்குக் கிடைத்தது மெழுகுவத்தி ஸ்டோர். ஷிப்டுக்கு இறங்குகிறவர்கள் வரிசையாக வருவார்கள். ஆளுக்கு மெழுகுவத்தி எண்ணிக் கொடுப்பேன். அவர்கள் அதைத் தொப்பியில் களிமண் உருண்டை வைத்துச் செருகிக்கொண்டு கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறிக் கீழே போவார்கள். ஷிப்டு முடிந்து வரும்போது எரிந்து மீந்த கட்டையைத் திருப்பித் தரவேண்டும். வேலை அவ்வளவுதான். ஒரு குரங்குக்குப் பழக்கினாலும் செய்துவிடும்.

அதனால் மெழுகுவத்தியோடு ஒரு வார்த்தையும் கொடுக்க ஆரம்பித்தேன். காலையில் ஒரு வார்த்தையும் அதன் அர்த்தமும் சொல்லி அனுப்புவேன். மேலே வந்ததும், "கட்டையைக் குடுங்க, வார்த்தையையும் குடுங்க" என்று கை நீட்டுவேன். சொல்லிக்கொடுத்தால் தனக்கு மறக்காது என்று பள்ளியில் கண்ட உபாயம். கீழே இருட்டில் அவர்களுக்கும் பொழுது போகவேண்டுமே.

பாறைக்கு நடுவில் வார்த்தைகள் நன்றாகவே விளைந்தன. கேஜுக்கு மணி அடிக்கிறவர் யாரோடும் பேசமாட்டார். அவருக்கு 'டேசிட்டர்ன்' என்று பேர் விழுந்தது. வாய் திறக்காதவன் என்று அர்த்தம். பக்கத்து ஆளின் சோற்றையும் சேர்த்துத் தின்கிற ஒருவர் 'வொராஷஸ்' ஆனார். எல்லாவற்றையும் மிஞ்சி நின்றது 'யூபிக்விட்டஸ்'. எங்கே பார்த்தாலும் இருக்கிறவன். கேப்டன் துரை சுரங்கத்துக்குள் எந்த லெவலில் எப்போது முளைப்பார் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே தூரத்தில் அவருடைய விளக்கு தெரிந்ததும், "யூபிக்விட்டஸ் வர்றாரு" என்று ஒரு குரல் போகும், உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து சுத்தியலை எடுப்பார்கள். என் வார்த்தைக்கு இப்படி ஒரு உத்தியோகம் கிடைத்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அக்காவுக்கு இதில் ஒன்றும் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு அப்போது ஆறாம் மாதம். கூலிக்காரர்கள் குடியிருக்கும் எங்கள் லைனில் எல்லாம் மூங்கில் தட்டி வீடுகள். தண்ணீருக்கு, சுரங்கத்திலிருந்து கொட்டிய கல்மேட்டைச் சுற்றிக்கொண்டு மில்லுக்கு அந்தப்பக்கம் போகவேண்டும். தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம். இத்தனைக்கும் பங்களாக்களுக்கும் மில்லுக்கும் போகிற தண்ணீர்ப் பைப்பு எங்கள் தட்டிக்குப் பின்னாலேயே போயிற்று. மில்லில் கல் இடிக்கிற சத்தம் கொஞ்சம் ஓய்ந்தால் பைப்புக்குள் தண்ணீர் ஓடுவது காதில் கேட்கும். குழாய் மட்டும் இல்லை.

ஒரு சாயங்காலம் அக்கா குடத்தை இறக்கிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். நான் அகராதியும் கையுமாக இருந்தேன்.

"இன்னிக்கு இன்னா வார்த்தை?" என்றாள்.

"ஸ்டுபென்டஸ். மலைக்கவைக்கிற அளவுக்குப் பெரிசுன்னு அர்த்தம்."

"அதுல சோறு வடிக்கலாமா?"

நான் புத்தகத்தை மூடினேன்.

"கேப்டனுக்கு எழுதுறா. குழாய் ஒண்ணு போடச் சொல்லி எழுது. இத்தினி படிச்சிட்டு மெழுகுவத்தி எண்ணிகினு கீறே. எனக்கு இன்னும் மூணு மாசம்தான், அதுக்குள்ள வரணும். புள்ளயை இடுப்புல வெச்சிகினு கொடத்தை எங்க வெப்பேன்?"

அவள் கேட்டது நியாயம். அது மட்டுமல்ல, பெரிய வார்த்தைகளுக்கு இதைவிட நல்ல வேலை என்ன கிடைக்கும். மனு எழுதப்போகிறேன் என்று அன்றே லைன் முழுக்கச் சொன்னேன். அங்கேதான் கதை என் கையைவிட்டுப் போனது.

எங்கள் லைனில் ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கேழ்வரகு மாவு வரவேண்டும். ஒரு வீடு விட்டுப்போனாலும் பானை ஏறாது. மாதா கோயிலுக்குப் போகிற முதல் வீட்டு அம்மாகூட ஒரு பிடி மாவு அனுப்பிவிடுவார். மனுவும் லைன் முழுமைக்கும் பொதுதானே. ஆகவே வீட்டுக்கு ஒரு வார்த்தை என்று தீர்மானமாகிவிட்டது. யார் சொன்னார்கள் என்று கேட்டால் தெரியாது, எல்லோரும் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நடுவில் என்னை உட்காரவைத்து, புத்தகத்தைப் படி படி என்றார்கள். அர்த்தம் யாருக்கும் பெரிதாகப் படவில்லை. காதுக்கு நன்றாக இருக்கிறதா என்பதுதான் பேச்சு.

"இத்த கேட்டா துரை எழுந்து நிக்கணும்டா" என்றார் சுரங்கத்தில் மரம் முட்டுக் கொடுக்கிற ஒருவர். அவர் எடுத்துக்கொண்டது 'வால்கேனோ'. தெலுங்கு பேசுகிற கடைசி வீட்டுக்காரர் மூன்று தரம் சொல்லிப்பார்த்து 'குவாட்ருபெட்' என்பதை வைத்துக்கொண்டார், நாலுகால் பிராணி. புதிதாகக் கல்யாணமான வீட்டில் பெண்டாட்டி சொல்லக் கணவன் கேட்டது 'ஸாஃபயர்', நீலக்கல். முதல் வீட்டு அம்மா நெடுநேரம் ஒன்றும் பிடிக்காமல் கடைசியில் 'பெராம்புலேட்' என்பதற்குத் தலையாட்டினார். நடந்து திரிவது என்று நான் அர்த்தம் சொல்வதற்குள், "அது என்னுது, வேற யாரும் தொடக்கூடாது" என்றார்.

கீழே பாறைக்கு வெடி வைக்கிற மாமாவுக்கு 'டைனமைட்' வேண்டும்.

"அது இந்தப் புஸ்தகத்துல இல்ல மாமா. அந்த எழுத்தெல்லாம் அடுப்புக்குப் போயிடுச்சு."

"தெனம் கையில புடிக்கிறேன், அது இல்லாத புஸ்தகம் இன்னா புஸ்தகம்?" என்று முறைத்துக்கொண்டவர், பிறகு 'வெஹிமென்ட்' என்பதற்கு இறங்கிவந்தார், ஆவேசமான என்று அர்த்தம்.

அக்காவைக் கேட்டேன். "எங்கிட்ட வார்த்தை இல்ல, கொடந்தான் கீது" என்றாள்.

மனு தயாரானது. எங்கள் தொண்டை வால்கேனோவாக எரிகிறது, குவாட்ருபெட் போலச் சுமக்கிறோம், தண்ணீரே எங்கள் ஸாஃபயர், இதை வெஹிமென்டாகத் தெரிவித்துக்கொள்கிறோம், எங்கள் பெண்கள் ஓயாமல் பெராம்புலேட் செய்கிறார்கள். இன்னும் எத்தனையோ. ஒரு வீட்டையும் விடவில்லை. வாசித்துக் காட்டியபோது தங்கள் வார்த்தை வந்த இடத்தில் அந்தந்த வீட்டார் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். வேலூரில் எனக்குப் பாடம் சொன்னவர்கள்கூட இப்படி ஒன்று எழுதியிருக்க மாட்டார்கள் என்று நானும் நம்பினேன். இங்கிலீஷ் எவ்வளவு கடினமோ அவ்வளவு மரியாதை என்பது எங்கள் எல்லோருக்கும் பொதுவான கணக்கு.

மனுவைக் கொடுத்த மறுநாள் கேப்டன் துரை என்னைச் சுரங்க வாயான ஷாப்டுக்குப் பக்கத்திலிருந்த தன் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். மனு மேஜையில் விரித்துக் கிடந்தது. ஒரு வரியின்மேல் விரலை வைத்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். அவர் சீமையில் தகரச் சுரங்கத்தில் சின்ன வயதிலேயே இறங்கியவர். தமிழை எங்கள் ஆட்களிடமே கற்றவர், ஆகவே எங்களைப் போலவேதான் பேசுவார்.

"இன்னா மேன் இது? நான் ஒரே புஸ்தகம் படிச்சவன். ஞாயித்துக்கெழமை கோயில்ல படிக்கிறது. அதுல இது ஒண்ணும் இல்ல."

துரைக்கு இங்கிலீஷ் தெரியாமல் இருக்கும் என்று எங்கள் லைனில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"வால்கேனோ இன்னா?"

"நெருப்பு கக்குற மலை, சார்."

"உங்க லைன்ல கீதா?"

"இல்ல, சார்."

"அப்புறம் ஏன் எழுதினே?"

"மரம் போடுறவர் ஆசைப்பட்டார், சார்."

அவர் விரலை அந்த வரியிலிருந்து எடுத்தார். பிறகு வேறு குரலில், "கீழ என்னை ஒரு பேர் சொல்றாங்க. யூபி... அதுவும் உன் புஸ்தகமா?" என்றார்.

வேலை போயிற்று என்றே நினைத்தேன். வேறு வழியில்லாமல், "எங்கும் நிறைந்தவர்னு அர்த்தம், சார்" என்றேன்.

கேப்டன் துரை மீசையைத் தடவினார். "அது கடவுளுக்குச் சொல்றது" என்றார். ஆனால் கோபப்படவில்லை. நாற்காலியைக் காலால் என் பக்கம் தள்ளினார். "ஒக்காரு. இப்ப தமிழ்ல சொல்லு. இன்னா வேணும்?"

"பைப்பு எங்க வீட்டுக்குப் பின்னால போவுது, சார். குழாய் இல்ல. பொம்பளைங்க மில்லுக்கு அந்தாண்ட போய்த் தூக்கியாறாங்க. எங்க அக்கா முழுகாம கீது, ஏழாம் மாசம் ஆரம்பிக்கப்போவுது."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான், சார்."

பைப்பு அவருடையது இல்லை, ஆபீஸுடையது. அதில் ஒட்டுப்போட்டுக் குழாய் எடுக்க, மைன்ஸ் முழுவதையும் நடத்துகிற பெரிய துரையின் உத்தரவு வேண்டும். பெரிய துரை சர்வகலாசாலையில் படித்தவர். "நான் எழுதுற ரிப்போர்ட்டு அவர் படிக்கிறது இல்ல. பம்பு, மரம், கயிறு, அவ்ளோதான் எழுதுவேன். அவர் கண்ணு வரி மேல வழுக்கிகினு போய்டும்" என்றார் கேப்டன். பிறகு மனுவை என் பக்கம் திருப்பினார். "இதுல ஒரு வார்த்தை எனக்குக் குடு. ஒண்ணு போதும். அவர் கண்ணு அங்க தடுக்கி விழணும். ஆனா பொய் வேணாம்."

வரிசையாக ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் கேட்டார். நீலக்கல்லுக்குத் தலையை ஆட்டி மறுத்தார். குவாட்ருபெட்டுக்கு, "உன் அக்காவை மாடுன்னு நான் எழுதமாட்டேன்" என்றார். வெஹிமென்டுக்குக் கொஞ்சம் யோசித்தார், ஆவேசமாகக் கேட்டால் பெரிய துரைக்குப் பிடிக்காது என்று விட்டுவிட்டார். பெராம்புலேட் என்றால் நடந்து திரிவது என்றதும், "நடக்குறாங்க இல்ல?" என்றார். நடக்கிறார்கள் என்றேன். ஒவ்வொரு எழுத்தாக நான் சொல்ல, பென்சிலை நக்கி நக்கி எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகு நாட்கள் போயின. அக்காவின் நடை கனத்துக்கொண்டே வந்தது. காலையில் நான் ஸ்டோருக்குக் கிளம்பும்போது அவள் குடத்தோடு கிளம்புவாள், நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போவேன். மெழுகுவத்தியோடு வார்த்தை கொடுப்பதையும் கொஞ்ச நாள் நிறுத்திவைத்தேன். ஆட்கள் விடவில்லை. "வத்தி மட்டும் குடுத்தா எப்பிடி, நாள் பூரா இன்னாத்த பேசுறது?" என்று வரிசையை நிறுத்தினார்கள்.

ஒருநாள் மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது அக்கா மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். காலையில் பெண்கள் எல்லோரும் குடத்தோடு திரும்பிவரும்போது பின்னால் குதிரைக் குளம்புச் சத்தம். பெரிய துரை. கல்மேடுகளுக்கு நடுவில் ஒற்றையடிப் பாதை. நிறைகுடத்தோடு யாரும் ஒதுங்க முடியாது, ஒதுங்கினால் சரளைக்கல் வழுக்கும்.

"வழி வுடுன்னு குதிரைக்காரன் கத்தறான். எங்க வுடுறது? இப்பிடியே நடந்தோம். பெரிய துரை குதிரை எங்க பின்னாலயே மெல்ல மெல்ல வந்துச்சு. கல்யாண ஊர்கோலம் கணக்கா. நான்தான் கடைசி. குதிரை என் கழுத்துல மூச்சு வுடுது."

"அவர் இன்னா சொன்னார்?"

"இங்கிலீஷ்ல இன்னாவோ சொல்லிச் சிரிச்சான். இவ வார்த்தை மட்டும் காதுல வுழுந்துச்சு" என்று முதல் வீட்டைக் காட்டினாள்.

கேப்டன் பிறகு எனக்குச் சொன்னார். ரிப்போர்ட்டில் அந்த வார்த்தையைக் கண்டதும் பெரிய துரை அவரைக் கூப்பிட்டு, இதை எந்த லெவலில் தோண்டி எடுத்தாய் என்று கேட்டாராம். மெழுகுவத்தி ஸ்டோரில் என்றாராம் இவர். பெண்கள் அவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்பதை நம்பாமல்தான் பெரிய துரை அந்தப் பாதையில் வந்திருக்கிறார். வந்தவர் முன்னே போக முடியாமல் எங்கள் லைன் வரைக்கும் குடத்தின் வேகத்திலேயே வரவேண்டியதாயிற்று. அவர் உத்தரவு போட்டு, ஃபிட்டர்கள் வந்து பைப்பில் ஒட்டுப்போட்டுக் குழாய் வைத்தபோது அக்காவுக்கு ஒன்பதாம் மாதம் தொடங்கியிருந்தது.

குழாயடியில் முதல் நாளே தகராறு. முதல் வீட்டு அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு முன்னால் நின்றார்.

"யார் வார்த்தைக்கு வந்த குழாய் இது? என் வார்த்தைக்கு வந்தது. அப்ப மொத கொடம் யாருது?"

"வார்த்தை உன்னுது, வயிறு என்னுது" என்றாள் அக்கா.

இரண்டு பக்கமும் ஆள் சேர்ந்தது. மரம் போடுகிறவர் வால்கேனோவுக்கும் இதில் பங்கு உண்டென்று ஆரம்பித்து, பெண்கள் திரும்பிப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார். கடைசியில் அக்காவே விலகி நின்றாள். அந்த அம்மா குடத்தை நிரப்பி இடுப்பில் வைத்தார். அவர் வீடு எதிரிலேயே இருந்தது. ஆனால் அவர் லைனை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, ஒவ்வொரு வாசலிலும் தெரியும்படி மெதுவாக நடந்து, பிறகுதான் வீட்டுக்குள் போனார். அந்த வார்த்தையின் அர்த்தத்தை நான் அன்றுதான் கண்ணால் பார்த்தேன். திரும்பி வந்து, "இப்ப நீ புடிம்மா, கொடத்தை நான் தூக்கியாறேன்" என்று அக்காவின் குடத்தைத் தானே தூக்கிக்கொண்டார்.

பெண் குழந்தை. மருத்துவச்சி வெந்நீர் கேட்டபோதெல்லாம் வெந்நீர் இருந்தது. முதல் வீட்டு அம்மா தன் வார்த்தையையே குழந்தைக்குப் பேராக வைக்கலாம் என்று ஒரு யோசனை சொன்னார். அக்கா படுத்திருந்தபடியே ஒரு பார்வை பார்த்தாள், அதோடு சரி.

இப்போது வந்திருக்கிற கஷ்டம் வேறு. மில்லில் தண்ணீர் இழுக்கும்போது எங்கள் குழாய் வறண்டுவிடுகிறது. காலையில் வரும், நடுவில் நிற்கும், சாயங்காலம் கொஞ்சம் இருமிவிட்டுப் போகும். பிள்ளைத்துணி துவைக்க அக்கா குழாயடியில் காத்துக் கிடக்கிறாள். மறுபடி மனு எழுதலாம் என்றேன், இந்தத் தடவை ஒரே வார்த்தைதான் என்றேன். எந்த வீட்டு வார்த்தை என்று சண்டை தொடங்கிவிட்டது. மாமா டைனமைட்டை மீண்டும் எடுத்தார்.

"யாரும் எழுத வேணாம். நானே சொல்றேன்" என்றாள் அக்கா. பெரிய துரை நாளைக் காலை மில்லைப் பார்க்க இந்த வழியாக வருகிறார். கேப்டனை மொழிபெயர்க்கச் சொல்லலாமே என்றேன். "அந்தாளு நடுவுல நின்னா நான் சொன்னதுல பாதிதான் போய்ச் சேரும். எனக்கு ஒரு வார்த்தை குடு. சத்தத்தைப் பார்த்துக் குடுக்காத. வரும், நிக்கும், எப்ப வரும்னு தெரியாது. அதுக்கு ஒண்ணு பாரு."

லைனில் அர்த்தத்தைச் சொல்லி வார்த்தை கேட்ட முதல் ஆள் அவள்தான். உட்கார்ந்து பக்கம் பக்கமாகத் தேடினேன். 'ஸ்போராடிக்' என்று ஒன்று கிடைத்தது. விட்டுவிட்டு, அங்கொன்றும் இங்கொன்றுமாக நடப்பது. சொன்னேன். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே நாலைந்து தரம் சொல்லிப்பார்த்தாள்.

"சாரை முன்னால போடு" என்றாள். "இல்லாட்டி குதிரை போய்டும்."

"சார், வாட்டர் ஸ்போராடிக்."

"சார், வாட்டர் ஸ்போராடிக். சார், பேபி ஸ்மால்." பேபியை அவளே சேர்த்துக்கொண்டாள், மருத்துவச்சியிடமிருந்து கேட்டது.

திட்டம் இதுதான். மில் தண்ணீர் இழுக்கிற நேரம் பார்த்து அவள் குழாயடியில் நிற்பாள். பெரிய துரை கிட்டே வந்ததும் குழாயைத் திறந்து காட்டுவாள். ஒன்றும் வராது. அப்போது வார்த்தையைச் சொல்லுவாள். நான் பக்கத்தில் நிற்கக்கூடாது, நின்றால் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடுமாம். ஆகையால் நான் முதல் வீட்டுத் தட்டிக்குப் பின்னால்.

"நாளைக்குன்னு பார்த்துத் தண்ணி வந்துட்டா?" என்று மாமா கேட்டார்.

"வந்தா கொடத்துல புடிச்சிக்கிறேன்" என்றாள் அக்கா. "வராட்டி சொல்றேன்."